பதினோராவது முடிச்சு

ஆறுமுகநயினாருக்கு டீ பிடிக்காது. வசதியான தமிழர்கள் குடியிருந்த மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் மனைவி மீனாட்சியம்மாள் போட்டுத் தரும் ஒரு டம்ளர் காப்பியோடு அவருடைய ஆசை தீர்ந்துவிடும். "டீ என்பது காப்பி கிடைக்காதவர்களுக்குக் கடவுள் காட்டிய வழி" என்று கல்யாணமான புதிதில் அவர் மனைவியிடம் சொன்னதுண்டு.

அவர் கருணா சேவா சங்கத்தில் சமூக சேவகர். சங்கத்தின் ஆபீஸ் கிங்ஸ் சர்க்கிளில் ஓர் ஓட்டலின் மாடியில் இருந்தது. வேலை முழுவதும் தாராவிக் குடிசைச் சந்துகளில். தினமும் ஒன்பது மணிக்குத் தோல்பை நிறைய விண்ணப்பத் தாள்களோடு புறப்பட்டுப் போவார். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நின்று இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொள்வது, இவ்வளவும் அவர் வேலை. நான்கு வருஷமாகச் செய்துவந்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு என்பது சங்கத்தின் விதி. யாராவது வழியில் நிறுத்தி அழுதால் பதினேழு பதினெட்டாகவும் ஆகும்.

சீனிக்குக் கியூ நின்ற 1964-ஆம் வருஷம், ஆடி மாத மழையில், நயினாருக்கு உடம்பு கெட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கிற்று. தூக்கம் போய்விட்டது. மனைவி கத்தரிக்காய் நறுக்குவதைப் பார்த்துக் கண் கலங்கினார். "பாவம், அதுவும் ஒரு கொடியில் நன்றாய் இருந்ததுதானே" என்றார். கத்தரிக்காய் கொடியில் காய்ப்பதில்லை என்பதைக்கூட எடுத்துச் சொல்ல மீனாட்சியம்மாளுக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸில் நடந்தது அதைவிட மோசம். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டான். நயினார் அவனை உற்றுப் பார்த்து, "வீட்டில் எத்தனை பேர்? சம்பாதிக்கிறவர் எத்தனை பேர்? யாருக்காவது தொடர்ந்து இருமல் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். அந்த நல்ல மனிதன் எட்டுப் பேர் என்று தொடங்கி, தாயாரின் முழங்கால் வலியை விவரமாகச் சொல்லி முடிப்பதற்குள் கிங்ஸ் சர்க்கிள் வந்துவிட்டது. நயினார் இறங்கினார். கண்டக்டரின் தாயாருக்குத் தம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று பிளாட்பாரத்தில் நின்று அழுதார். பிறகுதான் டிக்கெட் வாங்காதது நினைவுக்கு வந்து, அதற்காகவும் கொஞ்சம் அழுதார்.

மீனாட்சியம்மாள் அவரைச் செம்பூரில் இருந்த ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கழுத்தில் டை கட்டியவர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"சிவசிவா!"

"புகையிலை? வெற்றிலை?"

"இல்லை."

"காப்பி, டீ?"

"காலையில் ஒரு காப்பி. டீ எனக்குப் பிடிக்கவே பிடிக்காது டாக்டர்."

நயினார் பொய் சொல்கிறவர் இல்லை. தாராவியில் குடிப்பதை அவர் குடிப்பதாகவே நினைத்ததில்லை. விண்ணப்பம் நிரப்புவது போல அதுவும் ஒரு வேலை. ஒருவர் தம் வேலையைப் போய் டாக்டரிடம் பழக்கமென்று சொல்வாரா?

"நரம்புத் தளர்ச்சி" என்று முடிவு செய்தார் டாக்டர். "ஊரார் துக்கத்தையெல்லாம் தூக்கிச் சுமக்கிற உத்தியோகம் உங்கள் உடம்புக்கு ஆகாது. விட்டுவிடுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சூடாக ஒரு டீ குடியுங்கள். மனசுக்கு இதமாக இருக்கும்."

"எனக்குத்தான் டீ பிடிக்காதே."

"மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

மருந்தாயிற்றே என்று மீனாட்சியம்மாள் அன்று முதல் தினமும் சாயங்காலம் பெரிய டம்ளர் நிறைய டீ போட்டுக் கொடுத்தாள். நயினாருக்கு நடுக்கம் காலுக்கும் இறங்கியது.

இனி வேறு வழியில்லை என்று தோன்றிவிட்டது. செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் மைத்துனருக்குச் செல்வாக்கு இருந்தது. அங்கே ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணி வைக்கிற வேலை காலியாக இருந்தது. நட்டுக்குத் துக்கமில்லை, போல்ட்டுக்குப் பெண்டாட்டி இல்லை. நயினார் ராஜினாமாக் கடிதம் எழுதினார். எழுதும்போது மூன்று இடத்தில் கண்ணீர் விழுந்து மை கலைந்தது. அந்த வேலை அவருக்கு உயிர். முருகன் தமக்கென்று கொடுத்த வேலை என்று நம்பியவர். அதைத் தம் கையாலேயே திருப்பிக் கொடுப்பது பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போல இருந்தது.

வியாழக்கிழமை கடிதத்தைச் சங்கச் செயலாளர் கணேசபாண்டியனிடம் கொடுத்தார். செயலாளர் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். கையால் மேஜையைக் காட்டினார். நயினார் கடிதத்தை வைத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டம். அதில் முடிவாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு வருவதற்காகத் தாராவிக்குப் போனார். முதல் வீடு பேராச்சியுடையது. பேராச்சியின் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவளுக்குத் தாராவியில் அந்தச் சந்தின் குழாயடி முழுவதும் ராஜ்யம். யார் குடம் முதலில், யார் குடம் கடைசி என்பதை அவள்தான் சொல்வாள். மழை அந்தத் தகரக் கூரையில் கடலை வறுப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாருக்கென்றே வாங்கி வைத்திருந்த பூப்போட்ட கப்பும் சாசருமாக அவள் டீ கொண்டுவந்தாள். நயினார் வாங்கினார். கப்பு சாசரில் கடகடவென்று ஆடியது.

"என்ன சார், பாலத்து மேல லோக்கல் வண்டி போற மாதிரி ஆடுது?"

"நரம்புத் தளர்ச்சிம்மா. டாக்டர் சொல்லிட்டார்."

"நரம்பு தளந்தா கை தொங்கிப் போயில்லா கெடக்கணும்? இது தறி கணக்கா ஆடுதே. அந்த டாக்டரு நெசமாவே படிச்சவரா?"

நயினார் கப்பைக் காலி செய்து கீழே வைத்தார். "பேராச்சி, நான் இந்த மாசத்தோட வேலையை விடுறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அப்பம் நம்ம பூமாரிக்கு ரேஷன் கார்டு?" என்று சட்டென்று கேட்டுவிட்டாள் பேராச்சி. கேட்ட பிறகு வெட்கப்பட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதை விடுங்க. முகத்தைப் பாத்தா நாலு நாள் காய்ச்சல்ல கெடந்த மாதிரி இருக்கீய. தனியாப் போவாதீய. சாக்கடையில விழுந்து கெடந்தீயன்னா எங்க சந்துக்குத்தான் கெட்ட பேரு."

ஒரு கோணிச் சாக்கைத் மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அவளும் கூடவே புறப்பட்டாள்.

இரண்டாவது வீடு பூமாரியுடையது. சார் போகப் போகிறார் என்றதும் பூமாரி அழுதாள். அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். சாருக்கு ஒரு டீ, கூட வந்த பேராச்சிக்கு ஒரு டீ. மூன்றாவது வீட்டிலும் அப்படியே. நான்காவது வீட்டில் ஒரு வாரத்துச் சீனி முழுவதையும் கொட்டிப் போட்டார்கள். நயினாருக்குத் தாராவியில் டீ தனியாக வந்ததே இல்லை. ஒவ்வொரு டீயோடும் ஒரு கஷ்டம் சேர்ந்து வரும். மாமியார் அடித்தது, மருமகன் ஓடிப்போனது, கூரை ஒழுகுவது. அவர் டீயையும் குடித்து, அதையும் கேட்டு, இரண்டையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஐந்தாவது வீட்டு வாசலில் பேராச்சி நின்றுவிட்டாள். "வேண்டாம்ளா, எனக்கு ஊத்தாத. நெஞ்சு ஒரு மாதிரி வருது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அந்த வீட்டுக்காரி, "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நயினார் வாயைப் பிளந்துகொண்டு இதைப் பார்த்தார். அப்புறம் தமக்கு வந்த டம்ளரை வாங்கிக் குடித்தார்.

பேராச்சி தன் நெஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பார்த்தாள். விரல் லேசாக ஆடியது. அவள் சாரைப் பார்த்தாள். மறுபடியும் தன் விரலைப் பார்த்தாள். முந்தானை நுனியை எடுத்து, வரிசையாக ஐந்து முடிச்சுப் போட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். குழாயடியில் யாருக்கு எத்தனை குடம் என்பதை அவள் இப்படித்தான் கணக்கு வைப்பாள். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வரும்போதும் ஒரு முடிச்சு ஏறியது.

பதினோராவது வீடு மதீனா பீவியுடையது. மேலப்பாளையத்துக்காரி. புருஷன் ஜெயினுலாப்தீன் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். தாராவியில் மதீனா பீவியின் டீ பெயர்போனது. எருமைப்பால், இஞ்சி, ஏலக்காய் எல்லாம் போட்டு, கரண்டியை நட்டுவைத்தால் சாயாமல் நிற்கிற பதத்தில் இருக்கும். பெரிய கண்ணாடிக் கிளாஸில் அதை ஊற்றி அவள் நீட்டினாள். நயினார் இரண்டு கையாலும் வாங்கப் போனார்.

"ஏக்கா, அதைக் கீழ வையி!" என்று வாசலிலிருந்து பேராச்சி கத்தினாள்.

மதீனா பீவி திடுக்கிட்டாள். "ஏன் பேராச்சி? மனுசர் மழையில நனஞ்சி வந்திருக்காகல்லா?"

பேராச்சி உள்ளே வந்து முந்தானையை விரித்துக் காட்டினாள். "இதைப் பாரு. இது ஒண்ணு ஒண்ணும் ஒரு டீத்தண்ணி. இதோட பதினொண்ணு. இனிமேத் தெக்குச் சந்து இருக்கு, அங்க ஒரு ஆறு வீடு. நான் நாலாவது வீட்டோட நிறுத்திட்டேன், எனக்கே நெஞ்சு தையல் மிசினு கணக்கா அடிக்கி. இவுக நாலு வருசமா தெனமும் இப்படிக் குடிச்சிருக்காக! நரம்புத் தளர்ச்சியாம்ல. நாமதான் ஆளுக்கு ஒரு கை போட்டு சாரைப் பைத்தியம் ஆக்கியிருக்கோம்!"

"யா அல்லா!" மதீனா பீவி உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்ல மட்டுந்தான் குடிக்காகன்னு நெனச்சேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாகளே!"

பின்னாலேயே வந்து வாசலில் கூடியிருந்த பெண்களில் பூமாரி எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு டீன்னா சாருக்கு உசிருன்னுல்லா நான் ஊருக்கே கடுதாசி போட்டேன்" என்றாள். ஒவ்வொருத்தியும் அப்படியேதான் நினைத்திருந்தாள் என்பது அப்போது வெளிப்பட்டது. கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சார், உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் பேராச்சி. "உங்களுக்கு டீ பிடிக்குமா, பிடிக்காதா?"

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். "பிடிக்காதும்மா."

"என் இஞ்சி டீயுமா?" என்று மெல்லக் கேட்டாள் மதீனா பீவி.

"அது கொஞ்சம் பரவாயில்லை" என்றார் நயினார். நாற்பது வயதுக்குள் அவர் சொன்ன முதல் பொய் அது. ஆண்டவன் அதைக் கணக்கில் எழுதியிருக்க மாட்டான்.

"பிடிக்காததை ஏன் குடிச்சீய? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

நயினார் சொன்னார். "வேலைக்கு வந்த முதல் நாள், முதல் வீடா உன் வீட்டுக்குத்தான் வந்தேன் பேராச்சி. நீ டீ கொடுத்தே. நான் வேண்டாம்னேன். எனக்குப் பிடிக்காதுன்னுதான் சொன்னேன். நீ ஒண்ணும் பேசாம டம்ளரை எடுத்துட்டுப் போய் வாசல்ல கொட்டினே. உன் முகம் அப்போ எப்படி இருந்ததுன்னு எனக்கு இன்னும் மறக்கலே. மாதுங்காக்காரன், நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டான்னு நீ நினைச்சிட்டது எனக்குப் புரிஞ்சுது. அன்னிக்கே கோயில்ல போய் முருகன்கிட்டச் சொன்னேன். இனி தாராவியில யார் வீட்டுல எது கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்னு."

பேராச்சி கையிலிருந்த முந்தானையை விட்டுவிட்டாள்.

"அட சாரே!" என்று பெரிதாகச் சிரித்தாள். "அதுக்கா இத்தனை பாடு? அன்னைக்கு அந்த டீயில எறும்பு செத்துக் கெடந்துச்சு. கொடுத்த பொறவுதான் பாத்தேன். நல்ல வேளை, வேண்டாம்னுட்டாகன்னு கொண்டுபோயிக் கொட்டினேன். ஒரு எறும்புக்காகவா நாலு வருசம் டீ குடிச்சீய?"

மதீனா பீவி வாயைத் திறந்தாள். அன்று சாயங்காலம் குழாயடியில் பேராச்சி அழுதது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தேற்றி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டவளே அவள்தான். பேராச்சி அவளை ஒரு பார்வை பார்த்தாள். மதீனா பீவி வாயை மூடிக்கொண்டாள்.

நயினாருக்கும் தெரியும். அந்த டம்ளருக்குள் அவர் அன்று பார்த்திருந்தார். எறும்பு இல்லை. ஆனால் நான்கு வருஷமாக நெஞ்சில் இருந்த ஒன்றை எறும்பு இழுத்துக்கொண்டு போவது போல அவருக்கு இருந்தது. "எறும்பா? அப்படியா? நான் பார்க்கலையே" என்றார் அவரும். சிரித்தார். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதன்பிறகு மதீனா பீவியின் வீட்டிலேயே பெண்கள் கூடிப் பேசினார்கள். பேராச்சிதான் தீர்ப்புச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டும் டீ. முறை குழாயடியில் முடிவாகும். மற்ற வீட்டில் தாகம் என்று கேட்டால் சோறூறிய நீத்தண்ணி, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மிச்சமாகிற சீனி அவரவர் பிள்ளைகளுக்கு.

"டீயை நிறுத்தினா மட்டும் போதாது" என்றாள் மதீனா பீவி. "ஒவ்வொரு டீக்கும் நாம ஒரு ஒப்பாரியும் வச்சமே."

"அதுவும் சரிதான். ஒரு நாளைக்கு சாருக்கு மூணு கஷ்டம். நாலாவது கஷ்டம் மறுநாளைக்கு. அதுவும் மொதல்ல குழாயடியில சொல்லணும். நம்மளால தீராததுதான் சாருகிட்டப் போகணும்."

"மத்தியானம் பூதத்தான் அண்ணன் வீட்ல போயி அரைமணி உக்காரட்டும்" என்றாள் பூமாரி. "அண்ணன் யாருகிட்டயும் பேசமாட்டாக. காதுக்கு ஓய்வா இருக்கும்."

நயினார் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று தெற்குச் சந்துக்கு அவர் போகவில்லை. வீட்டுக்குப் போய், மருந்து டீயை வேண்டாமென்று மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தார். "அப்பாடா, பால் மிச்சம்" என்றாள் மீனாட்சியம்மாள்.

முதல் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், திங்கட்கிழமை காலை தபால்காரன் மணியடித்தபோதுதான் கண் விழித்தார். கையை நீட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. இன்றுதான் கமிட்டிக் கூட்டம். சட்டையை மாட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளுக்கு ஓடினார். மாடிப்படி முழுவதும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். மைத்துனர் கோபித்துக்கொள்வார், போகட்டும். நட்டுகளை வேறு யாராவது எண்ணட்டும்.

கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. செயலாளர் கணேசபாண்டியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், வியாழக்கிழமை நான் ஒரு கடிதம் கொடுத்தேன்…"

"ஆமா, ஆமா. படிச்சேன் நயினார். கமிட்டியிலயும் வச்சேன். எல்லாரும் ரொம்பத் திருப்தி."

நயினாருக்குப் படபடப்பு திரும்பி வந்தது. "திருப்தியா?"

"பின்னே? ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. சுருக்கமா, மனசைத் தொடுற மாதிரி. அடுத்த மாசமும் இதே மாதிரி எழுதிக் கொடுங்க."

மேஜையின் மூலையில், 'மாத அறிக்கைகள்' என்று எழுதிய அட்டையின் அடியில் அந்த உறை கிடந்தது. ஒட்டியது ஒட்டியபடியே. அதற்குக் கீழே நான்கு வருஷத்து உறைகள், அவையும் அப்படியே. இதைப் பார்த்துப் போன வாரத்து நயினாராக இருந்தால் அழுதிருப்பார். இன்று முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு, மேலே இருந்த உறையை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு சார்."

"திருத்துங்க, திருத்துங்க" என்றார் செயலாளர்.

அன்று டீ முறை பேராச்சியுடையது. சார் வேலையை விடவில்லை என்று கேள்விப்பட்டதும் அவள் பூப்போட்ட கப்பை இரண்டு தரம் கழுவினாள். அடுத்தடுத்த வாரங்களில் முறைகள் மாறி மாறி வந்தன. மூன்று கஷ்டம் என்ற விதியைச் சிலர் மீறினார்கள். மதீனா பீவி இரண்டு தடவை முறை தவறிக் கள்ளத்தனமாக இஞ்சி டீ கொண்டுவந்து பேராச்சியிடம் திட்டு வாங்கினாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், வெயில் காய்ந்தது. பேராச்சியின் முறை. நயினாருக்கு அன்று வயிறு சரியில்லை. கப்பை வாங்கினார். உள்ளே பார்த்தார். பேராச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் நின்ற அதே வாசல்.

"பேராச்சி" என்றார் மெதுவாக, "எறும்பு கிடக்கே."

பேராச்சி கப்பை வாங்கி எட்டிப் பார்த்தாள். டீ சுத்தமாக, ஆவி பறக்க இருந்தது.

"ஆமா சார்" என்றாள். "நல்ல பெரிய எறும்பு." சிரித்துக்கொண்டே அந்த டீயை அவளே குடித்தாள்.